நீண்ட இடைவெளிக்குப் பிறகு மீண்டும் படிக்க அமர்வது எப்படி? குரூப் 4 தேர்வுக்குத் தயாராகும் இல்லத்தரசிகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

பட்டம் பெற்று 13 ஆண்டுகள் கழித்து, இரண்டாவது குழந்தையையும் பள்ளியில் சேர்த்த ஆண்டில், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதலாம் என்று புத்தகத்தைத் திறந்தேன். முதல் நாள் ஒரே பக்கத்தை நான்கு முறை படித்தும் ஒரு வரிகூட மனத்தில் நிற்கவில்லை. அரை மணி நேரத்தில் கண் சொருகியது. படிப்பு இனி நமக்கு வராது என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இப்போது எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமைகளில் சேர்ந்து படிக்கும் பெண்களில் பலர், ஏறக்குறைய இதே சொற்களில் தங்கள் முதல் நாளைப் பற்றிச் சொல்வதைக் கேட்கிறேன். படிக்கும் ஆர்வம் வரட்டும், பிறகு தொடங்கலாம் என்று காத்திருந்து மாதங்களை இழந்தவர்கள் அவர்களில் அதிகம். ஆர்வம் தானாக வந்து யாரையும் மேசைக்கு அழைத்துச் செல்வதில்லை என்பது என் அனுபவம். உட்காரும் பழக்கம் முதலில் திரும்ப வேண்டும். பத்துப் பதினைந்து நாட்களில் நேற்றுப் படித்தது இன்று நினைவில் இருப்பதைப் பார்க்கும்போதுதான் ஆர்வம் பிறக்கிறது. அந்தப் பதினைந்து நாட்களை எப்படிக் கடப்பது என்பதற்கே இந்த விளக்கத்தின் பெரும்பகுதியை ஒதுக்கியிருக்கிறேன்.

முதல் படி: கண்ணையும் இரத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்

படிப்பைப் பற்றிக் கேட்டால் மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறாரே என்று நினைக்க வேண்டாம். ஏறக்குறைய நாற்பது வயதில் பெரும்பாலோருக்கு வெள்ளெழுத்து தொடங்குகிறது. அருகில் உள்ள சிறிய எழுத்துகளின் மேல் பார்வையைக் குவிக்கக் கண் சிரமப்படும். சற்று நேரத்தில் நெற்றி வலிக்கும், தூக்கம் வருவது போல இருக்கும். எங்களோடு படிக்கும் ஓர் அக்கா, தமக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை என்றே இரண்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தார். புத்தகத்தை அவர் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிப்பதைப் பார்த்த பிறகுதான் கண் மருத்துவரிடம் அனுப்பினோம். கண்ணாடி போட்ட வாரத்திலேயே அவரால் ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்கார முடிந்தது.

அடுத்தது இரத்தசோகை. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. கருவுறாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் அளவு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் அதை இரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, மதியம் உடல் அடித்துப் போட்டது போல இருப்பது, படித்ததில் கவனம் நிற்காதது ஆகியவற்றைச் சோம்பேறித்தனம் என்று எண்ணி நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். தைராய்டையும் பார்க்க வேண்டுமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். மாத்திரை தேவையா, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். உங்கள் பங்குக்கு, சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ குடிக்கும் வழக்கத்தை மட்டும் நிறுத்துங்கள், ஏனெனில் அவை உணவில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கின்றன.

தூக்கத்தைக் குறைத்துப் படிப்பு நேரத்தைக் கூட்டும் திட்டத்தை முதலிலேயே கைவிடுங்கள். இரவு பதினொன்றரைக்குப் பாத்திரம் கழுவி முடித்து, காலை நான்கு மணிக்கு அலாரம் வைத்தால் மூன்று நாள் தாங்கும். நான்காம் நாள் படிப்போடு சேர்ந்து வீட்டு அமைதியும் போய்விடும்.

இரண்டாம் படி: ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள்

குரூப் 4 தேர்வுக்கான அடிப்படைக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. இப்போதைய முறைப்படி மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள், மொத்தம் 300 மதிப்பெண்கள். அவற்றுள் 100 வினாக்கள், அதாவது 150 மதிப்பெண்கள், தமிழ்த் தகுதி மற்றும் மதிப்பீட்டுத் தேர்வுக்கு உரியவை. அதில் 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்றப் பகுதியின் விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். மீதமுள்ளவற்றில் 75 வினாக்கள் பொது அறிவு, 25 வினாக்கள் திறனறிவுக் கணக்கு. தேர்வின் பாதி தமிழில்தான் இருக்கிறது என்பதும், அந்தப் பாதி நாம் ஏற்கெனவே ஒரு முறை படித்தது என்பதும் நமக்குப் பெரிய வாய்ப்பு. பாடப்புத்தகங்களைத் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் இணையதளத்திலிருந்து கட்டணமின்றிப் பெறலாம். ஆயினும் தொடக்கத்தில் அச்சுப் புத்தகமே வேண்டும் என்பேன். கைப்பேசியில் படிக்கத் திறந்தவர் அடுத்த பத்து நிமிடத்தில் வேறெங்கோ இருப்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பழைய புத்தகம் போதும், ஆனால் அது இப்போதைய பதிப்புதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் எடுக்கச் சிலர் கூச்சப்படுகிறார்கள். தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவதற்குத் தக்க காரணம் உண்டு. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறந்து, மீண்டும் மனப்பாடம் செய்து பார்த்து, அந்த ஆய்வை 1885இல் வெளியிட்டார். மறதி எவ்வளவு விரைவாக நிகழ்கிறது என்பதற்காகவே அந்த ஆய்வை எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். அதன் மறுபக்கம் நமக்கு அதைவிட முக்கியம்: முற்றிலும் மறந்துவிட்டதாகத் தோன்றிய பட்டியலைக்கூட, இரண்டாம் முறை படிக்கும்போது முதல் முறையைவிடக் குறைந்த நேரத்தில் அவரால் கற்க முடிந்தது. ஒரு மாதம் கழித்தும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நேரம் மிச்சமானது. பொருளற்ற அசைகளுக்கே அப்படியென்றால், பாட்டாகவும் கதையாகவும் பள்ளியில் பல முறை சொன்ன பாடங்கள் திரும்ப வருவதற்கு வாய்ப்பு இன்னும் கூடுதல் என்றே நம்புகிறேன். ஆறாம் வகுப்புப் புத்தகத்தின் பத்தாவது பக்கத்தில், "இது எனக்குத் தெரியுமே!" என்று உங்கள் வாயே சொல்லும்போது அதை உணர்வீர்கள்.

மூன்றாம் படி: முதல் 14 நாட்களுக்கு நாளொன்றுக்கு 20 நிமிடம் மட்டும்

இந்த இரண்டு வாரங்களில் பாடத்திட்டத்தை முடிக்கும் எண்ணமே வேண்டாம். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், 20 நிமிடம் உட்கார்ந்து எழுவது மட்டுமே குறிக்கோள். இன்னும் படிக்கலாம் போலிருக்கிறதே என்று தோன்றினாலும் முதல் வாரத்தில் எழுந்துவிடுங்கள். அந்த ஆசை மறுநாள் உங்களைத் திரும்ப உட்கார வைக்கும். உற்சாகத்தில் முதல் நாளே மூன்று மணி நேரம் படித்தவர்கள் ஐந்தாம் நாள் வராமல் போவதை நூலகத்தில் அடிக்கடி பார்க்கிறேன்.

நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்வதைவிட, வீட்டில் எந்த வேலைக்குப் பிறகு என்று முடிவு செய்வது நல்லது. பள்ளி வேன் கிளம்பிய உடனே என்று நான் வைத்துக்கொண்டேன். வேனை அனுப்பிவிட்டு வீட்டுக்குள் வந்தால் இறைந்து கிடக்கும் துணியும் கழுவாத தட்டும் கண்ணில் படும். அவை இன்னும் 20 நிமிடம் அப்படியே கிடக்கட்டும் என்று விடுவதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. சமையலறை தெரியாத பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்ட பிறகே அது கைகூடியது. கைப்பேசியைப் பக்கத்து அறையில் வையுங்கள். ஊக்கமூட்டும் காணொளிகளை இந்த நாட்களில் பார்க்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வேன், ஏனெனில் படித்தது போன்ற நிறைவை அவை படிக்காமலே தந்துவிடுகின்றன. டெலிகிராம் குழுக்களில் குவியும் பி.டி.எஃப். கோப்புகளும் அப்படியே.

மூன்றாம் வாரத்திலிருந்து காலை 25 நிமிடம், மாலை 25 நிமிடம் என்று ஆக்குங்கள். ஐந்தாம் வாரத்தில் ஒவ்வொன்றும் 45 நிமிடமாகலாம். வீட்டில் இடமில்லாதவர்கள் மாவட்ட மைய நூலகத்துக்கோ, ஊரில் இருந்தால் அறிவுசார் மையத்துக்கோ செல்லலாம். சென்னையிலும் மதுரையிலும் இருப்பவர்களுக்கு அண்ணா நூற்றாண்டு நூலகமும் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன.

நான்காம் படி: புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பாருங்கள்

இருபது நிமிடத்தில் 12 நிமிடம் படியுங்கள். மீதி 8 நிமிடம் புத்தகத்தை மூடி வைத்து, நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள். தொடக்கத்தில் மூன்று வரிதான் வரும், பரவாயில்லை. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கே என்னும் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையிலோ, வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வரப்போவதில்லை என்பதால் நமக்கு இரண்டாம் வழியே ஏற்றது.

இலக்கணத்தை அடுப்படியிலேயே பழகலாம். வேர்ச்சொல்லைக் கொடுத்து வினைமுற்று, வினையெச்சம், வினையாலணையும் பெயர், தொழிற்பெயர் ஆகியவற்றை உருவாக்கும் பகுதியைத்தான் எங்களில் பலர் பயந்து ஒதுக்கினோம். பிறகு கையில் இருக்கும் வேலையையே வேர்ச்சொல்லாக எடுத்துக்கொண்டோம். சட்னி அரைக்கும்போது "அரை": அரைத்தாள், அரைத்து, அரைத்தவள், அரைத்தல். சோறு வடிக்கும்போது "வடி": வடித்தாள், வடித்து, வடித்தவள், வடித்தல். "வா" என்பதற்கு வரும்போதுதான் வந்தாள், வந்து, வந்தவள், வருதல் என்று உருவம் மாறுவது கண்ணில் படும். வினாத்தாளில் பிழை செய்வதும் இத்தகைய சொற்களில்தான். ஒரு வாரம் இப்படிச் சொல்லிப் பார்த்தால் அந்தப் பகுதியில் தயக்கம் இருக்காது.

ஐந்தாம் படி: அட்டைப் பெட்டி

பழைய கல்யாணப் பத்திரிகைகளை நான்காக வெட்டினால், எழுதாத பக்கத்தில் நல்ல கெட்டியான அட்டை கிடைக்கும். ஒரு பக்கம் வினாவையும் மறுபக்கம் விடையையும் எழுதுங்கள். இனிப்புப் பெட்டி ஒன்றில் தடுப்பு வைத்து மூன்று அறைகளாக்கி, புதிய அட்டைகளை முதல் அறையில் போடுங்கள். முதல் அறையைத் தினமும், இரண்டாம் அறையை மூன்று நாளுக்கு ஒரு முறையும், மூன்றாம் அறையை வாரம் ஒரு முறையும் பாருங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறிய அட்டை எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பிவிடும். செபாஸ்டியன் லைட்னர் 1972இல் விளக்கிய முறையின் சுருக்கம் இது. நாளுக்கு ஐந்து அட்டைக்கு மேல் எழுத வேண்டாம்.

ஆறாம் படி: கணக்கை ஐந்தாம் வாரத்தில் சேருங்கள்

கணக்கைக் கண்டு பயந்து விட்டுவிடுபவர்கள் 25 வினாக்களை விட்டுவிடுகிறார்கள். சதவீதம், விகிதம், மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு, தனிவட்டி, கூட்டுவட்டி ஆகியவை எல்லாம் பள்ளிக் கணக்குகள். மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் வாங்கியவருக்கு வட்டி புதிதல்ல. 5,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 8 சதவீதம் என்றால் 400 ரூபாய். மூன்று ஆண்டுக்கு 1,200 ரூபாய். சூத்திரத்தை முதலில் மனப்பாடம் செய்யாமல், இப்படி ஓர் ஆண்டுக்குக் கணக்கிட்டுப் பெருக்கிப் பழகினால் சூத்திரம் தானே விளங்கிவிடும். ஒரு நாளைக்கு ஐந்து கணக்கு போதும்.

ஏழாம் படி: விட்டுப்போன நாட்களுக்குப் பிறகு

குழந்தைக்குக் காய்ச்சல், ஊர்த் திருவிழா, மாமியாருக்கு அறுவைச் சிகிச்சை என்று ஏதாவது ஒன்று நிச்சயம் வரும். எனக்கு ஒரு முறை 23 நாட்கள் விட்டுப்போயிற்று. அந்த நாட்களின் பாடத்தையும் சேர்த்து ஈடுகட்ட முயன்றதுதான் நான் செய்த பெரிய பிழை. நான்கே நாளில் மறுபடியும் நின்றுபோனேன். திரும்பி வரும் நாளில் விட்ட இடத்தைத் தேடாதீர்கள். அட்டைப் பெட்டியின் முதல் அறையை மட்டும் எடுத்து, மீண்டும் 20 நிமிடம் என்றே தொடங்குங்கள். விட்ட பாடத்தைத் திட்டத்தின் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டாரிடம் "படிக்க விடுங்கள்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "ஞாயிறு காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று குறிப்பாகக் கேட்பது பலன் தருகிறது. அந்த மூன்று மணி நேரம் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

எட்டாம் படி: ஏழாம் வாரத்தில் ஒரு பழைய வினாத்தாள்

ஏழாம் வாரத்து ஞாயிறன்று முந்தைய ஆண்டு வினாத்தாளின் தமிழ்ப் பகுதியை மட்டும் எடுத்து, ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்காமல் எழுதுங்கள். மூன்றாம் மாதத்திலிருந்து முழுத் தாளையும் எழுதலாம். முதல் மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும் அதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. தவறிய வினாக்களை மூன்றாகப் பிரியுங்கள்: இதுவரை படிக்காத பாடம், படித்து மறந்தது, தெரிந்திருந்தும் அவசரத்தில் மாற்றிக் குறித்தது. முதல் வகையைப் பாடத்திட்டத் தாளில் வட்டமிட்டு வையுங்கள். மூன்றாம் வகைக்கு, வினாவில் "பொருந்தாதது எது" போன்ற சொற்களைப் பென்சிலால் அடிக்கோடிட்டுப் படிக்கப் பழகினால் போதும். இரண்டாம் வகை வினாக்களை அன்று மாலையே அட்டைகளில் எழுதி, பெட்டியின் முதல் அறையில் போட்டு வையுங்கள். திங்கட்கிழமை பள்ளி வேன் கிளம்பியதும் அவற்றிலிருந்து தொடங்கலாம்.