உங்கள் வீட்டுக்கென ஒரு விலைச் சுட்டெண் வைத்திருப்பது எப்படி

ஒரே பொருட்பட்டியலை வாங்க ஆகும் செலவு காலத்தோடு எப்படி மாறுகிறது என்று காட்டும் எண்தான் விலைச் சுட்டெண். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதமாகவும் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாகவும் உச்சத்தைத் தொட்டன. 2025 பெப்ரவரியில் அதே சுட்டெண் முந்திய ஆண்டின் பெப்ரவரியைவிட 4.2 சதவீதம் குறைந்திருந்தது. இந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பலசரக்குக் கடைக்குப் போனவர்கள் "எங்கே குறைந்தது?" என்று கேட்டதில் வியப்பில்லை. நூறு ரூபாப் பொருள் எழுபது சதவீதம் ஏறினால் 170 ரூபா. அதிலிருந்து நான்கு சதவீதம் இறங்கினாலும் 163 ரூபாவுக்குச் சற்று மேலேயே நிற்கும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கில் தவறில்லை. அது கொழும்பு மாவட்டத்தின் நகரப்புறக் குடும்பங்களின் சராசரியைச் சொல்கிறது, அவ்வளவுதான். உங்கள் வீட்டுக்கு என்ன நடந்தது என்பதை நீங்கள்தான் கணக்கிட வேண்டும். அதற்கு ஒரு கொப்பியும் மாதத்தில் ஒரு மணித்தியாலமும் போதும்.

முதலில், ஒரு சாதாரண மாதத்தில் வீடு உண்மையில் என்ன வாங்குகிறது என்பதை அளவோடு எழுதுங்கள்: அரிசி இத்தனை கிலோ, மைசூர்ப் பருப்பு இத்தனை, பால்மா இத்தனை பைக்கற், தேங்காய், சீனி, மீன், சவர்க்காரம், சமையல் எரிவாயு, பஸ்ஸும் முச்சக்கரவண்டியும், பிள்ளைகளின் டியூஷன், வீட்டு வாடகை. தீபாவளியும் கலியாணமும் வந்த மாதத்தைத் தெரிவுசெய்ய வேண்டாம். பலர் உணவோடு நிறுத்திவிடுகிறார்கள்; கொழும்பில் வாடகையையும் டியூஷனையும் விட்டுவிட்டுப் போடும் கணக்கு, என் பார்வையில், கணக்கே அல்ல.

அடுத்து ஒவ்வொன்றின் விலையையும் ஒரே அலகுக்கு மாற்றி எழுத வேண்டும். கவனம் அதிகம் தேவைப்படுவது இங்கேதான், ஏனென்றால் விலை ஏறாமலே பொருள் சுருங்குவதுண்டு. பிஸ்கட் பைக்கற்றும் சவர்க்காரக் கட்டியும் அதே விலையில், அதே நிறத் தாளில் இருக்கும். பின்பக்கத்தில் அச்சிட்ட நிறை மட்டும் சில கிராம் குறைந்திருக்கும். ஆகவே பைக்கற்றின் விலையை எழுதாமல் நூறு கிராமின் விலையை எழுதுங்கள். தேங்காயில் இது இன்னும் சிக்கல். கடையில் காய்க்கு விலை, வீட்டில் தேவைப்படுவதோ பூ. பெரிய காய் ஒன்றையும் சிறிய காய் ஒன்றையும் துருவி, தேங்காய்ப்பூவைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். மலிவென்று வாங்கிய சிறிய காய் கிராமுக்குக் கிராம் விலை கூடியதாக இருக்கக்கூடும். எரிவாயுவுக்கு, 12.5 கிலோ சிலிண்டரைப் பூட்டிய திகதியை அதன் மேலேயே ஒரு துண்டில் ஒட்டிவிட்டால், முடிந்த அன்று நாளொன்றுக்கான செலவைப் பிரித்துக்கொள்ளலாம். தொலைபேசி டேட்டா பொதிகளுக்கு விலையோடு செல்லுபடியாகும் நாட்களையும் குறியுங்கள்.

மின்சாரத்தை மட்டும் தனிப் பக்கத்தில் வைக்க வேண்டும். வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிப்படியானது; மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால், தாண்டிய அலகுகள் மட்டுமல்ல, முதல் அலகிலிருந்தே வேறு விலைக்கு மாறிவிடும். ஆதலால் பில் கூடியது கட்டணம் ஏறியதாலா, மின்விசிறி கூடுதலாக ஓடியதாலா என்று பிரித்தறிய, அலகுகளின் எண்ணிக்கையையும் பில்லில் உள்ள நாட்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

விலைகளை எப்போதும் ஒரே கடையில், மாதத்தின் ஒரே வாரத்தில் எடுப்பது நல்லது. எரிபொருள் விலை மாத முடிவில் திருத்தப்படுவதால் மாதத்தின் இரண்டாம் வாரம் பொருத்தமானது. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மொத்தமாக வாங்குபவர்கள் அங்கேயே விலை எடுக்கலாம்; ஆனால் போய்வந்த முச்சக்கரவண்டிக் கூலியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், மூட்டை மலிவாகி வண்டி விலையாகிவிடும் சந்தர்ப்பங்கள் குறைவல்ல. பில்லைத் தூக்கி எறியாதீர்கள். பொதியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் வாங்கியிருந்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடும்போது அது உதவும்.

கணக்கு எளியது. தொடக்க மாதத்தில் பட்டியல் முழுவதையும் வாங்க 48,000 ரூபா ஆனதென்று வையுங்கள்; அதுவே 100. ஓராண்டு கழித்து அதே பட்டியல், அதே அளவுகள் 51,600 ரூபா ஆனால், 51,600ஐ 48,000ஆல் வகுத்து நூறால் பெருக்க 107.5 வரும். உங்கள் வீட்டின் பணவீக்கம் 7.5 சதவீதம். அளவுகளை இடையில் மாற்றக்கூடாது; மீன் விலையேறியதால் நெத்தலிக்கு மாறினீர்கள் என்றால், அது சுட்டெண்ணில் அல்ல, உங்கள் செலவுக் கணக்கில் தெரிய வேண்டிய விடயம். செலவு கூடவில்லை என்று ஆறுதலடையும் பல வீடுகளில் தட்டில் இருப்பது குறைந்திருக்கிறது.

இந்த எண்ணை எங்கே பயன்படுத்துவது? தொழில் தருபவரிடம் சம்பள உயர்வு கேட்கும்போது உங்கள் 107.5ஐ முன்வைத்துப் பேசலாம். பொதுவாக "சாமான் விலை கூடிவிட்டது" என்று சொல்வதைவிட அது எடுபடும். நிலையான வைப்பைப் புதுப்பிக்கும்போதும் இதே எண் வேண்டும்: 8 சதவீத வட்டியிலிருந்து, 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 10 சதவீத நிறுத்திவைப்பு வரி (வட்டியிலிருந்து வங்கியே கழித்துக்கொள்வது) போனால் மிஞ்சுவது 7.2; வீட்டின் பணவீக்கம் 7.5 என்றால் பணம் வங்கியில் இருந்தபடியே தேய்கிறது. தவணைக்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்க நினைப்பவர், கையில் காசாகக் கொடுத்தால் என்ன விலை என்று முதலில் கேட்கட்டும். "வட்டியில்லாத் தவணை" விலைக்கும் அதற்கும் வித்தியாசம் இருந்தால், அந்த வித்தியாசமே வட்டி.

ஒவ்வொரு ஜனவரியிலும் பட்டியலை ஒருமுறை மீள எழுதுங்கள். பிள்ளை பால்மாவை விட்டிருக்கும், தாத்தாவுக்குப் புதிய மருந்து சேர்ந்திருக்கும். பழைய பட்டியலையும் புதியதையும் அந்த ஒரு மாதத்துக்கு இரண்டாகவே விலை போட்டு, பழைய சுட்டெண்ணிலிருந்தே புதியதைத் தொடருங்கள்: அந்த மாதம் பழைய பட்டியல் காட்டும் சுட்டெண்ணே புதிய பட்டியலின் தொடக்க எண்.