ஏஐகிட்ட கணக்கு கேக்குறப்ப பொலம்பாதீங்க

மன்னார்குடி பக்கம் எங்க பாகப்பிரிவினை கணக்க ஏஐகிட்ட போட்டேன், ஒன்றரை வேலி நெலம், நாலு பங்கு (வேலி, மா ரெண்டும் நெல அளவு). வேலிக்கு 20 மான்னும் நானே சொல்லிட்டேன், அப்ப 30 மா, ஆளுக்கு ஏழரை, சின்னப்புள்ள கணக்கு. கூடவே சும்மா 'போன ஐப்பசி மழையில ரெண்டு மா பயிர் அழுகிருச்சு'ன்னு பொலம்பி வச்சேன், அது அந்த ரெண்டயும் கழிச்சிட்டு ஆளுக்கு 7 மான்னு அடிச்சி சொல்லுது! பயிர் அழுகுனா நெலமுமா போயிரும்? 2024ல ஆப்பிள் ஆராய்ச்சியாளருங்களும் இதத்தான் சோதிச்சாங்க, சம்பந்தமில்லாத ஒரு வரி சேத்தாலே ஏஐ மாடலுங்க தடுமாறுச்சு.

அதனால கதைய வெட்டிட்டு கணக்க மட்டும் படிப்படியா கேளுங்க, வந்த விடைய திருப்பிப் பெருக்கிப் பாருங்க, நாலேழு 28, மீதி ரெண்டு மா எங்கடான்னு கேட்டா ஒடனே மன்னிப்பு கேக்கும், அதுல மட்டும் கொறையே இல்ல.