புது வண்டி திரும்பத் திரும்ப நின்றுபோகிறதா? முதலில் நோட்டை எடுங்கள்

கார் வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சிக்னலில் நின்ற வண்டி அணைந்துவிட்டது. பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனால், "நல்லாத்தான் சார் ஓடுது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். இப்படியே மூன்று முறை போய்வந்தேன். ஒவ்வொரு முறையும் வாயால் சொன்னேன், அவர்களும் தலையாட்டினார்கள். ஆனால் என் புகார் காகிதத்தில் ஏறவே இல்லை. நான் செய்த தவறு அதுதான்.

விட்டுவிட்டு வரும் பழுது சர்வீஸ் சென்டரில் வராது. அதை அங்கே கொண்டுசேர்க்கும் வேலை நம்முடையது. எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன். மெக்கானிக் வேலை எதுவும் தெரிந்திருக்க வேண்டாம்.

1. வண்டி நின்ற அந்த நிமிடம்

ஓடும்போதே என்ஜின் அணைந்தால் பதறாதீர்கள். ஸ்டீயரிங் கனமாகும், ஆனால் திரும்பும். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காதீர்கள். பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் உதவி ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும், அதனால் ஒரே மிதியாக அழுத்திப் பிடியுங்கள். நான்கு பக்க இண்டிகேட்டரையும் போட்டு ஓரம் கட்டுங்கள். வண்டி நிற்கும்வரை சாவியை முழுதாக அணைக்க வேண்டாம், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம்.

பாதுகாப்பாக நின்றதும், மறுபடி ஸ்டார்ட் செய்வதற்கு முன் டேஷ்போர்டைப் போனில் வீடியோ எடுங்கள். என்னென்ன விளக்கு எரிகிறது, ஓடிய கிலோமீட்டர், வெப்பமானி முள், எரிபொருள் அளவு எல்லாம் அதில் விழட்டும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: என்ஜின் அணைந்து சாவி ஆனில் இருந்தால் ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் எப்போதும் எரியும். அதைப் பார்த்து ஆயில் கோளாறு என்று முடிவுகட்டாதீர்கள். அணைவதற்கு முன்னால் எந்த விளக்கு வந்தது என்பதுதான் துப்பு.

2. நோட்டு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு முறை நின்றபோதும் தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதிவிட்டு, கீழே உள்ளவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றும் ஏன் என்று தெரிந்தால் எழுதச் சலிப்பு வராது.

என்ஜின் சூடாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா? சூட்டில் அணைந்து ஆறியபின் ஸ்டார்ட் ஆனால், என்ஜின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார், எரிபொருள் பம்ப், அவற்றுக்குப் போகும் கம்பி ஆகியவற்றின் மேல் சந்தேகம் போகும். மழையிலோ, வண்டி கழுவிய பிறகோ மட்டும் வந்தால் கனெக்டரில் ஈரம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். இரவு நிறுத்தி வைத்தபின் காலையில் மட்டும் எழவில்லை என்றால் பேட்டரி எங்கோ வடியலாம். பெட்ரோல் போட்ட உடனே மட்டும் ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டால், டேங்க் ஆவியை என்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் இருக்கலாம். ஏசி ஓடியதா, என்ன வேகம், எந்த கியர், ஏற்றமா, குண்டும் குழியுமான சாலையா, எப்படித் திரும்ப உயிர் வந்தது, எத்தனை நிமிடத்தில் வந்தது என்பதையும் எழுதுங்கள்.

நான்கு பதிவு சேர்ந்தால் ஒரு ஒழுங்கு தெரியத் தொடங்கும். என் நோட்டில் நான்குமே அரை மணி நேரத்துக்கு மேல் ஓடிய பிறகு, நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது வந்தவை. அதை எழுதிப் பார்க்கும்வரை எனக்கே தெரியாது.

3. பழுதுக் குறியீட்டை (code) படித்து வையுங்கள், அழிக்காதீர்கள்

பழுது தெரிந்தால் வண்டியின் கணினி ஒரு குறியீட்டை, அதாவது கோடை, பதிந்து வைக்கும். அதைப் படிக்க ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி என்ற சாக்கெட் இருக்கும். அதில் செருகிப் போனில் படிக்கும் சின்னக் கருவிகள் கிடைக்கின்றன. கோடின் முதல் எழுத்து பி (P) என்றால் என்ஜின், கியர் பக்கம். சி என்றால் பிரேக், ஸ்டீயரிங் போன்றவை. யு என்றால் கணினிகளுக்கிடையே பேச்சு அறுந்திருக்கிறது. வண்டியின் உடல்பகுதி (body) மின்சாதனங்களுக்கு B என்ற எழுத்து. கோடோடு ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பதிவும் இருந்தால் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பழுது பதிவான கணத்தில் வேகம், ஆர்பிஎம், என்ஜின் வெப்பம் எவ்வளவு என்று அதில் இருக்கும்.

கோடு எந்தச் சர்க்யூட்டில் சிக்கல் என்று சொல்லும். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. P0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் சர்க்யூட். சென்சாரும் கெட்டிருக்கலாம், கம்பியும் அறுந்திருக்கலாம். ஒரே நேரத்தில் ஏழெட்டு விளக்கும் பல கோடுகளும் வந்தால், முதலில் பேட்டரி வோல்டேஜையும் எர்த் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

"பேட்டரியைக் கழற்றி மாட்டுங்க, சரியாயிடும்" என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். பல வண்டிகளில் அதோடு சாட்சியமும் அழிந்துவிடும். செக் என்ஜின் விளக்கு தானாக அணைந்தாலும் பயப்பட வேண்டாம், கோடு இன்னும் சில காலம் நினைவகத்தில் இருக்கும். அதற்காகத் தாமதிக்கவும் கூடாது.

4. பேட்டரி, பிறகு நீங்கள் மாட்டியவை

மல்டிமீட்டர் இருந்தால் சில மணி நேரம் நிறுத்தி வைத்தபின் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5க்கு மேல் இருக்கும். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைக் கணினி கட்டுப்படுத்தும் வண்டிகளில் சில நேரம் குறையலாம்.

வெளியே மாட்டிய கேமரா, அலாரம், ஆடியோ எதுவாக இருந்தாலும் கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வாரண்டியை மறுக்க முதலில் காட்டப்படுவது இவைதான். கழற்றிய பிறகும் பழுது வந்தால் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

5. ஜாப் கார்டு

ஜாப் கார்டு என்பது வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டர் எழுதும் வேலைச் சீட்டு. என் முதல் மூன்று ஜாப் கார்டுகளில் இருந்தவை: ஜெனரல் செக்கப், பேட்டரி டெர்மினல் சுத்தம், த்ராட்டில் பாடி சுத்தம். படிப்பவருக்கு மூன்று வெவ்வேறு சின்ன வேலைகள். ஒரே புகார் மூன்று முறை வந்தது என்பதற்கு அங்கே தடயமே இல்லை.

எனவே, புகாரை ஒரே வாக்கியமாக எழுதிக்கொண்டு போங்கள். "30 நிமிடத்துக்கு மேல் ஓடியபின் ஊர்ந்து செல்லும்போது என்ஜின் அணைகிறது, 10 நிமிடத்தில் திரும்ப ஸ்டார்ட் ஆகிறது, இது 4ஆவது முறை." இதே சொற்களை ஒவ்வொரு முறையும் ஏற்றச் சொல்லுங்கள். சர்வீஸ் அட்வைசர் சுருக்கி எழுதினால் கையெழுத்துப் போடுவதற்கு முன் திருத்தச் சொல்லுங்கள். அவரிடம் கோபப்படத் தேவையில்லை. ஆனால் "சென்சார் போயிருக்கு" என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அவர்கள் அதை மட்டும் பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்று முடித்துவிடலாம்.

டெக்னீஷியனோடு நீங்களும் போய், நோட்டில் உள்ள அதே நிலைமையில் ஓட்டிக் காட்டக் கேளுங்கள். காலைப் பழுது என்றால் வண்டியை இரவு அங்கேயே விடுங்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, ரீகால் (குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைப்பது), சாஃப்ட்வேர் அப்டேட், நிறுவனம் அனுப்பிய சர்வீஸ் அறிவிப்பு ஏதாவது உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது "பழுது எதுவும் தென்படவில்லை" என்று சொன்னாலும் அதை எழுத்தில் வாங்குங்கள். இலவச வேலை என்பதால் பில் இல்லை என்பார்கள். விட்ட தேதியும் எடுத்த தேதியும் உள்ள காகிதம் கட்டாயம் வேண்டும்.

நான்காம் முறை இந்த வாக்கியத்தோடும் கோடு படத்தோடும் போனேன். சென்சாருக்குப் போகும் கம்பி ஒரு பிராக்கெட்டில் உரசி மேலுறை தேய்ந்திருந்தது. கண்டுபிடிக்க அவர்களுக்கு அரை நாள் ஆனது.

6. அதற்கும் அசையவில்லை என்றால்

தயாரித்த நிறுவனத்துக்கே எழுதுங்கள். வாரண்டி கொடுத்தது பெரும்பாலும் அவர்கள்தான். சேசிஸ் எண், வாங்கிய தேதி, ஒவ்வொரு வருகையும் ஒரு வரி, மொத்தம் எத்தனை நாள் வண்டி அங்கே கிடந்தது, நீங்கள் கேட்பது என்ன என்று ஒரு பக்கத்தில் அடக்குங்கள். நிறுவனத்தின் பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், பதிலுக்குத் தேதியும் குறிப்பிடுங்கள். நுகர்வோர் ஆணையம்வரை போக நேர்ந்தால், ஒரே பழுதுக்கு எத்தனை வாய்ப்புக் கொடுத்தீர்கள் என்ற கேள்விக்கு இந்தப் பக்கமே பதில்.

இடையில் வழக்கமான சர்வீஸைத் தவறவிடாதீர்கள், வெளியே பிரித்துப் பார்க்கவும் விடாதீர்கள், கடன் தவணையையும் நிறுத்தாதீர்கள். பிரேக், ஸ்டீயரிங் கோளாறு, எரிபொருள் வாடை என்றால் ஓட்டிக்கொண்டு போகவே வேண்டாம். டோ வண்டியை வரவழையுங்கள்.

சரியாகிவிட்டது என்று சொன்ன பிறகு, முன்பு நின்ற அதே நிலைமையில் சில வாரம் ஓட்டிப் பாருங்கள். வாரண்டி முடியும் தேதி நெருங்குகிறது, சந்தேகம் இன்னும் இருக்கிறது என்றால், அந்தத் தேதிக்கு முன்பே புகாரை இன்னொரு முறை ஜாப் கார்டில் ஏற்றிவிடுங்கள்.