குடியேறிகளை ஒரு நாடு எப்படி ஏற்கிறது என்பதைக் கணிக்கும் வழி

கனடா வந்தவர்களின் பண்பாடுகளைப் பேணவிடும் பல்பண்பாட்டு நாடு, பிரான்ஸ் எல்லோரையும் தன் பண்பாட்டுக்குள் கரைத்துத் தன்வயமாக்கும் நாடு என்ற இரண்டு முத்திரைகளோடு விவாதத்தைத் தொடங்கினால், இரு நாடுகளையுமே தவறாகப் புரிந்துகொள்வோம். முத்திரைகளை ஒதுக்கிவிட்டு, வந்தவரிடம் அரசு எதைக் கேட்கிறது, எதைக் கொடுக்கிறது, எந்த இடத்தில் தலையிடுகிறது என்று தேடிப் பாருங்கள்.

முதலில் மூல ஆவணங்களைப் படியுங்கள். கனடாவில் பல்பண்பாட்டுக் கொள்கையைப் பிரதமர் பியர் ட்ரூடோ 1971இல் அறிவித்தார்; 1982ஆம் ஆண்டின் உரிமைச் சாசனத்தில் 27ஆம் பிரிவாக அது இடம்பெற்றது; 1988இல் அதற்கெனத் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. குடியேறிகள் ஆங்கிலத்தையோ பிரெஞ்சையோ கற்க உதவுவதும் 1971ஆம் ஆண்டு அறிவிப்பிலேயே ஒரு குறிக்கோளாக இருந்தது. ஆகவே, வந்தவர் எதையும் கற்க வேண்டியதில்லை என்பதே பல்பண்பாட்டுக் கொள்கை என்று யாரேனும் வாதிட்டால் ஏற்காதீர்கள். இன்றும் அங்கே குடியுரிமை கோரும் 18 முதல் 54 வயது வரையுள்ளோர் மொழித்திறனைக் காட்டுவதோடு, நாட்டின் வரலாறு, உரிமைகள், கடமைகள் பற்றிய 20 கேள்விகளில் 15க்குச் சரியான விடை எழுத வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு கட்டுப்பாடும் எந்த இடத்தில் செல்லுபடியாகிறது என்று பிரித்துப் பாருங்கள். விவாதங்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். பிரான்சில் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, சமய அடையாளத்தை வெளிப்படையாகக் காட்டும் முக்காடோ சீக்கியர் தலைப்பாகையோ அணிந்து மாணவர் அரசுப் பள்ளிக்குச் செல்ல முடியாது. அதே நாட்டின் தலைநகரில், லா சப்பல் பகுதியில், ஆண்டுதோறும் பிள்ளையார் தேர் வீதியுலா வருகிறது. நடுத்தெருவில் குவித்து வைத்த தேங்காய்களை அடியார்கள் உடைக்கிறார்கள். தெருவில் இடம்பெறுவது வகுப்பறையில் இடம்பெறாது என்பதுதான் அந்நாட்டுக் கொள்கையின் உண்மையான வடிவம். அது நியாயமா என்பது அடுத்த கேள்வி. பதினைந்து வயதுச் சிறுமியின் கல்வியை அவளுடைய உடையோடு பிணைப்பது நியாயமில்லை என்பதே என் கருத்து.

ஒரு நாட்டை ஒரே துண்டாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கனடாவுக்குள்ளேயே இருக்கும் பிரெஞ்சு மொழி மாகாணமான கியூபெக், 1977ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியேறிகளின் பிள்ளைகளைப் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளிக்கே அனுப்பியது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள், காவலர்கள் உள்ளிட்டோர் பணியில் சமய அடையாளம் அணிவதை 2019இல் தடுத்தது.

பிறகு தாய்மொழிக்கான செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேளுங்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பொதுப் பள்ளிச் சபைகளே தமிழ் வகுப்புகளை நடத்துகின்றன. பிரான்சிலோ அந்தச் சுமையைப் பெரும்பாலும் தமிழ்ச் சமூகம் நடத்தும் ‘தமிழ்ச்சோலை’ என்னும் தமிழ்ப் பள்ளிகளே தாங்குகின்றன.

கடைசியாக, புள்ளிவிவரங்களைப் பார்க்கும்போது கவனமாக இருங்கள். கனடாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனப் பின்னணி கேட்கப்படுகிறது. பிரான்சின் கணக்கெடுப்பில் இனமும் மதமும் கேட்கப்படுவதில்லை. அங்கே பாகுபாட்டை அறிய, ஒரே தகுதியுள்ள வேலை விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பி, யாருக்கு அழைப்பு வருகிறது என்று ஒப்பிடும் ஆய்வுகளைத் தேடிப் படியுங்கள்.