உரிமையைக் கேட்கும் இடத்தில் செய்யக்கூடாத தவறுகள்

வட சென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் சட்டம் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "முதல்ல கடமையைச் செய்யணும், அப்புறம்தான் உரிமையைக் கேக்கணும்." நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் முதல் தவறே இதுதான், மற்ற பல தவறுகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

1950-ல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அடிப்படைக் கடமைகள் என்று ஒரு பகுதியே அதில் கிடையாது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், 42-வது திருத்தம்தான் 51ஏ பிரிவைச் சேர்த்தது. கடமையைச் செய்யாதவருக்கு உரிமை இல்லை என்று அதில் ஒரு வரிகூட இல்லை. கேரளத்தில் மூன்று பள்ளிப் பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. 1986-ல் உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அதற்காகக் கடமைகள் வெறும் அலங்காரம் என்றும் நினைக்க வேண்டாம். எண்ணூர் கழிமுகம் பாழாவதை எதிர்த்து நிற்பவர்களுக்கு, உயிர்வாழும் உரிமை தரும் 21-வது பிரிவோடு, இயற்கையைக் காக்கச் சொல்லும் 51ஏ(ஜி)-யும் கைகொடுக்கும்.

கடமைதான் முதலில் என்ற எண்ணம் அதிகம் கெடுதல் செய்யும் இடம் போலீஸ் ஸ்டேஷன். "சும்மா விசாரிக்கத்தான், வந்துட்டுப் போ" என்று போனில் கூப்பிட்டதும், போவது நம் கடமையாச்சே என்று பையன்கள் தனியாகக் கிளம்பிவிடுகிறார்கள். ஏரியா பெயரைச் சொன்னாலே சந்தேகப்படுகிற ஊரில் இது ஆபத்து. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றச்சாட்டில் கைது தேவையில்லை என்றால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 35(3) பிரிவின்படி நோட்டீஸ் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள். சாட்சியாக விசாரிப்பதானால் பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். ஆனால் முறைப்படி நோட்டீஸ் வந்த பிறகும் போகாமல் இருந்தால், அதுவே கைதுக்கு வழியாகிவிடும்.

அங்கே போனதும் வெள்ளைத் தாளை நீட்டுவார்கள். "ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போப்பா." பசியிலும் பயத்திலும் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். விசாரணையில் நீங்கள் சொன்னதைப் போலீஸ் எழுதிக்கொண்டாலும் அதில் உங்கள் கையெழுத்தை வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது அரசமைப்பின் 22-வது பிரிவு. மாஜிஸ்திரேட் "அடிச்சாங்களா?" என்று கேட்கும்போது தலையைக் குனிந்துகொண்டு "இல்லைங்க" என்பதும் பெரிய தவறு. காவலில் வைக்கச் சொல்லும் ரிமாண்ட் உத்தரவில் காயம் பதிவாக வேண்டிய நேரம் அதுதான்.

காதல் திருமணத்தில் வேறு மாதிரி. 18 முடிந்த பெண்ணும் 21 முடிந்த ஆணும் பெற்றோர் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்று நினைப்பது தவறு. யாரைத் துணையாகத் தேர்வது என்பது அவரவர் சுதந்திரம் என்று 2018-ல் ஹாதியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஸ்டேஷனில் இரு வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசிப் பெண்ணை அப்பாவோடு அனுப்பிவைப்பது கட்டப்பஞ்சாயத்துதான், சமாதானம் அல்ல.

உரிமை என்றால் எல்லையே இல்லை என்று நினைப்பதும் சரியல்ல. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கடை போடுகிறவர், "பிழைக்கிற உரிமை இருக்கு, யாரும் எடுக்க முடியாது" என்று நம்பி விற்பனைச் சான்றுக்கு விண்ணப்பிக்காமல் விட்டுவிடக் கூடாது. 1985-ல் மும்பை நடைபாதைவாசிகள் பற்றிய ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பிழைப்பும் உயிர்வாழும் உரிமையில் சேரும் என்ற நீதிமன்றம், முறைப்படி அப்புறப்படுத்துவதைத் தடுக்கவில்லை. 2014-ம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, சான்று வைத்திருப்பவரை அந்த இடத்திலிருந்து அகற்ற 30 நாள் நோட்டீஸ் வேண்டும். அந்தச் சான்று கையில் இருந்தால் பேச்சே வேறு.

வக்கீலுக்குக் காசில்லை என்று ஒதுங்குவதும் வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் உள்ளவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. சட்ட உதவி எண்ணான 15100-க்குப் போன் போடலாம், நேரில் என்றால் பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்ட உதவி அலுவலகத்துக்கே போகலாம்.