சிலிண்டர் பவருக்கு லேசர்: முடிவெடுக்கும் முன் நடக்கும் தவறுகள்

திருநெல்வேலிப் பக்கத்தில் கண் லேசர் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரு தேதியோடுதான் தொடங்கும். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள பிள்ளைக்குக் கண்ணாடியக் கழட்டிரணும்" என்பார் ஒரு அம்மா. "ஒரு மாச லீவுல வந்திருக்கேன், போறதுக்குள்ள முடிச்சிரலாம்லா?" என்பார் வளைகுடாவிலிருந்து வந்த கடையநல்லூர்க்காரர். தேதி முதலில் முடிவாகிவிடுகிறது, கண்ணைப் பற்றிய யோசனை அப்புறம்தான் வருகிறது. வெறும் கிட்டப்பார்வைக்கே இந்த அவசரம் ஆகாது. சிலிண்டர் பவர், அதாவது அஸ்டிக்மாடிசம் உள்ளவர்களுக்கு இன்னும் ஆகாது.

கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் தெளிவான கார்னியா, எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இருந்தால் ஒளி ஒரே இடத்தில் குவியும். முட்டையின் பக்கவாட்டைப் போல ஒரு திசையில் கூடுதலாகவும் இன்னொரு திசையில் குறைவாகவும் வளைந்திருந்தால் இரண்டு இடத்தில் குவியும். எழுத்துக்கு நிழல் விழும், இரவில் எதிரே வரும் விளக்கு கோடாக இழுக்கும். இதைச் சரிசெய்ய எவ்வளவு பவர் என்பது மட்டும் தெரிந்தால் போதாது. எந்தத் திசையில் என்பதும் வேண்டும், அந்த வளைவு ஏன் வந்தது என்பதும் வேண்டும். லேசர் வேண்டுமா வேண்டாமா என்பதற்கான பதில் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கேள்வியில்தான் இருக்கிறது. யாரும் கேட்காமல் விடுவதும் அதைத்தான்.

முதலில் சீட்டைப் படிப்பதில் நடக்கும் குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிச் சீட்டில் ஸ்பியர் (அடிப்படைப் பவர்), சிலிண்டர், ஆக்சிஸ் (சிலிண்டர் எந்தத் திசையில் என்பது) என்று மூன்று எண்கள் இருக்கும். ஓரிடத்தில் −2.00 / +1.00 × 90 என்று எழுதியிருப்பார்கள். அடுத்த வருடம் வேறோரிடத்தில் −1.00 / −1.00 × 180 என்று தருவார்கள். "பவர் பாதியாக் குறைஞ்சிருச்சு" என்று ஒருவர் சந்தோஷப்படுவார், "ஆக்சிஸே மாறிப்போச்சு" என்று இன்னொருவர் பயப்படுவார். உண்மையில் இரண்டும் ஒரே பவர். ஒருவர் சிலிண்டரைப் பிளஸ்ஸில் எழுதியிருக்கிறார், மற்றவர் மைனஸில் எழுதியிருக்கிறார். மாற்றும் வழி எளிது: ஸ்பியரோடு சிலிண்டரைக் கூட்டுங்கள், சிலிண்டரின் குறியை மாற்றுங்கள், ஆக்சிஸை 90 பாகை நகர்த்துங்கள். லேசர் செய்ய ஒரு வருடமாவது பவர் மாறாமல், மாறினாலும் 0.50க்கு மேல் போகாமல் இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் எதிர்பார்ப்பார்கள். ஆகவே பழைய சீட்டுகளை ஒரே முறைக்கு மாற்றி எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய சீட்டு எதுவும் கையில் இல்லை என்றால், ஒரு வருடம் பொறுப்பது நல்லது.

சிலிண்டர் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலானவர்களுக்கு இது பிறவியிலேயே உள்ள கருவிழி வளைவு. வருடக்கணக்கில் மாறாமல் இருக்கும், கண்ணாடி போட்டால் கடைசி வரி வரை தெளிவாகத் தெரியும். லேசருக்கு ஏற்ற கண் இதுதான்.

பயப்பட வேண்டியது கெரட்டோகோனஸ். கருவிழி மெலிந்து கூம்பாக முன்னால் தள்ளிக்கொண்டு வரும் நோய் இது. வழக்கமாகப் பருவ வயதிலும் இருபதுகளிலும் தொடங்கி வளரும். தொடக்கத்தில் இது சாதாரண சிலிண்டர் பவராகத்தான் தெரியும், கண்ணாடிக் கடைக் கம்ப்யூட்டர் டெஸ்டில் பிடிபடாது. ஆறு மாதத்துக்கொரு முறை சிலிண்டர் ஏறுகிறது, ஆக்சிஸ் அலைகிறது, புதுக் கண்ணாடி போட்டும் எழுத்துக்கு நிழல் போகவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். கண்ணைக் கசக்கும் பழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. நம் ஊர் வெயிலிலும் புழுதியிலும் அலர்ஜியால் கண் அரித்து, பள்ளிக்கூட நாளிலிருந்தே இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அப்படி வளர்ந்தவர் லேசருக்குப் போனால், அந்தப் பழக்கத்தை மருத்துவரிடம் கேட்காமலே சொல்ல வேண்டும்.

லேசர் கருவிழியைச் செதுக்கித்தான் பவரைச் சரிசெய்கிறது. ஏற்கெனவே மெலிந்துகொண்டிருக்கும் கருவிழியை மேலும் செதுக்கினால் கூம்பு வேகமாகத் தள்ளும், கண்ணாடி போட்டாலும் தெளியாத நிலைக்குப் போய்விடும். இந்தக் கண்ணுக்கு லேசிக் (லேசரில் பவரை எடுக்கும் பரவலான முறை) கூடாது. நோய் வளர்ந்துகொண்டிருந்தால் அதை நிறுத்த சி3ஆர் என்கிற சிகிச்சை உண்டு. ரைபோஃபிளேவின் சொட்டு விட்டுப் புற ஊதாக் கதிர் காட்டிக் கருவிழியை இறுக்குவார்கள். அது கண்ணாடியைக் கழற்றுவதற்கான சிகிச்சை இல்லை. இரண்டையும் "லேசர்" என்றே நினைத்து, செய்த பிறகும் கண்ணாடி போகவில்லையே என்று வருத்தப்படுபவர்கள் உண்டு.

அதனால் கருவிழி வரைபடச் சோதனை இல்லாமல் தேதி தரும் இடத்தில் உட்காரவே வேண்டாம். டோபோகிராபி, பென்டாகாம் என்ற பெயர்களில் நடக்கும் சோதனை இது. கருவிழியின் முன்பக்க வளைவையும், பென்டாகாம் என்றால் பின்பக்க வளைவையும் தடிமனையும் படமாகக் காட்டும். கருவிழியின் சராசரித் தடிமன் சுமார் 540 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). செதுக்கிய பிறகு அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்பது பழைய கணக்கு, இன்று பலர் 300 மிஞ்ச வேண்டும் என்கிறார்கள். உங்கள் கண்ணில் எவ்வளவு மிஞ்சும் என்று கேளுங்கள். எண்ணாகப் பதில் வர வேண்டும்.

கடற்கரைப் பக்கம் இன்னொன்று அதிகம். உவரி, கூத்தங்குழி போன்ற ஊர்களில் கடலுக்குப் போகிறவர்களுக்கும், வெயிலில் வயல்வேலை செய்கிறவர்களுக்கும் மூக்கோரத்திலிருந்து கருவிழி மேல் சதை வளரும். அது கருவிழியை இழுத்து சிலிண்டரை உண்டாக்கும். அங்கே முதல் வேலை சதையை எடுப்பது. எடுத்த பிறகு பவர் கணிசமாக மாறிவிடும்.

ஐம்பத்தைந்து வயதில் திடீரென்று பவர் மாறுகிறது என்று லேசர் விசாரிப்பவருக்குக் கண்புரை தொடங்கியிருக்கலாம். புரை அறுவையின்போதே சிலிண்டரையும் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் வைக்க முடியும். அவர் லேசருக்கு ஏன் தனியாகச் செலவழிக்க வேண்டும்?

கண்ணாடியில் தெரியாதது லேசரிலும் தெரியாது

சரி, கண் தகுதியானது என்று வந்துவிட்டது. அடுத்த தவறு, லேசர் கண்ணாடியைவிடத் தெளிவான பார்வையைக் கொடுக்கும் என்று நம்புவது. சரியான கண்ணாடி போட்டு எந்த வரி வரை படிக்கிறீர்களோ, சாதாரணமாக அதுதான் லேசரின் இலக்கு. சிறு வயதில் பெரிய சிலிண்டர் இருந்தும் கண்ணாடி போடாமல் விட்டு, ஒரு கண் சோம்பல் கண்ணாக நின்றுவிட்டவருக்கு லேசர் அந்தக் கண்ணை எழுப்பாது.

தலைவலிக்காக லேசர் செய்ய நினைப்பவர்களுக்கும் இதே சோதனைதான். ஆக்சிஸ் துல்லியமாகப் பார்த்த கண்ணாடியைச் சில வாரம் விடாமல் போடுங்கள். தலைவலி போய்விட்டால் காரணம் சிலிண்டர்தான். போகவில்லையென்றால் லேசருக்குப் பணம் கட்டும் முன் வேறு காரணம் தேடுங்கள். கோணலாக வளைந்த பிரேமில் ஆக்சிஸ் தவறிப்போய், அதனாலேயே தலை வலிப்பதும் உண்டு. அதற்குக் கண்ணாடிக் கடையில் ஐந்து நிமிட வேலைதான்.

0.50, 0.75 சிலிண்டர் மட்டும் உள்ளவர், அதுவும் கம்ப்யூட்டர் முன்னால் மட்டும் கண்ணாடி போடுபவர், லேசர் செய்து பெறுவது மிகக் குறைவு என்பது என் கருத்து. அந்த அளவு சிலிண்டரைப் பலர் உணர்வதே இல்லை. கிட்டப்பார்வையோடு 2.00, 2.50 சிலிண்டர் சேர்ந்து, கண்ணாடியில்லாமல் எதிரே வருபவர் முகம் தெரியாது என்பவருக்கு இது பெரிய மாற்றம். இருவருக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான், பலன் ஒன்றல்ல.

வயதையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ பீடி சுற்றும் நாற்பத்திரண்டு வயது அக்காவுக்கு மைனஸ் இரண்டு பவர் இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு இலை வெட்டுவார், நூல் கட்டுவார், கிட்டத்தில் எல்லாம் பளிச்சென்று தெரியும். லேசரில் அந்த மைனஸ் பவரை எடுத்துவிட்டால் பஸ் போர்டு கண்ணாடியில்லாமல் தெரியும். பீடிக்கு மட்டும் புதிதாக வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்க வேண்டியிருக்கும். அவருடைய நாளில் எட்டு மணி நேரம் பீடி, அரை மணி நேரம் பஸ். நாற்பது தாண்டியவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும்.

வேலைக்காகச் செய்பவர்கள்

இதில்தான் மீள முடியாத தவறு நடக்கிறது. பாளையங்கோட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பையன்கள், கண் சோதனையில் தேறுவதற்காக லேசர் செய்துகொள்ள நினைப்பதுண்டு. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்குக் கண்ணாடி போட்டவர்கள் எடுபட மாட்டார்கள். ஆனால் லேசிக் செய்தவர்களுக்கும் அந்தப் பணிக்குத் தகுதியில்லை என்று அதன் அறிவிப்பிலேயே எழுதியிருக்கும். கண்ணைச் செதுக்கியதை மருத்துவப் பரிசோதனையில் மறைக்க நினைப்பது வீண், கருவிழி வரைபடம் காட்டிவிடும். ராணுவம், காவல், விமானப் பணி எல்லாவற்றுக்கும் விதி வேறு வேறு, பிரிவுக்குப் பிரிவு மாறும். எந்த வேலைக்குப் போகிறீர்களோ அதன் அறிவிப்பில் மருத்துவத் தகுதிப் பக்கத்தைப் படித்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்சூரன்ஸ் தரும் என்று நம்பி முன்பணம் கட்டுவது இன்னொன்று. நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகளில் 7.5 டயாப்டருக்குக் (சீட்டில் எழுதும் பவரின் அலகு இது) குறைந்த பார்வைப் பிழைக்கான சிகிச்சையை விலக்கி வைப்பதே வழக்கம். சிலிண்டர்காரர்களில் பெரும்பாலோர் அதற்குக் கீழேதான் வருவார்கள்.

தேதிக்குத் திரும்பினால்

லீவில் வந்தவர்கள் பெரும்பாலும் சறுக்குவது கான்டாக்ட் லென்ஸில். லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே தற்காலிகமாக மாற்றிவைக்கும். சிலிண்டருக்கான டோரிக் கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் சோதனைக்கு முன் இரண்டு வாரமாவது கழற்றியிருக்க வேண்டும். கெட்டி லென்ஸ் என்றால் நான்கு வாரமோ அதற்கு மேலோ. முந்தின நாள் இரவு விமானத்தில் கழற்றிவிட்டு மறுநாள் அளவு கொடுத்தால், அளந்தது உங்கள் கருவிழியை அல்ல, லென்ஸ் அழுத்திவைத்த வடிவத்தை. கர்ப்பமாக இருக்கும்போதும் பாலூட்டும்போதும் பவர் ஊசலாடும், ஆகவே தள்ளிப்போட வேண்டும்.

செய்த பிறகு சில மாதங்களுக்குக் கண் உலர்வது மிகச் சாதாரணம். லேசிக்கில் கருவிழியின் மெல்லிய நரம்புகள் அறுபட்டுத்தான் மறுபடி வளர வேண்டும். ஆடிக்காற்று புழுதியை வாரி அடிக்கும் வள்ளியூர், கயத்தாறு பக்கம் பைக்கில் வேலைக்குப் போகிறவர் அந்த மாதங்களை விட்டுவிட்டு ஐப்பசி, கார்த்திகைக்குத் தள்ளுவது புத்திசாலித்தனம். குற்றாலத்தில் சீசன் என்று நண்பர்கள் கூப்பிட்டாலும், சிகிச்சை முடிந்த முதல் மாதம் அருவியில் தலை கொடுக்கக் கூடாது. தாமிரபரணியில் முங்குவதும் அப்படித்தான். கபடி, சிலம்பம் விளையாடுபவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். லேசிக்கில் கருவிழி மேல் ஒரு மூடி போல வெட்டித் திறந்து மூடுவார்கள். பலத்த அடி பட்டால் அது நகரக்கூடும் என்பதால் மூடி வெட்டாத பிஆர்கே போன்ற முறையை மருத்துவர் யோசிக்கலாம்.

எந்த முறை உயர்ந்தது என்ற விவாதத்தில் நேரம் போக்க வேண்டாம். சிறு வெட்டு வழியாகக் கருவிழிக்குள்ளிருந்து மெல்லிய தகட்டை எடுக்கும் ஸ்மைல் முறை, புதியது என்பதாலேயே எல்லோருக்கும் பொருந்தாது. சிலிண்டர்காரர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உட்கார்ந்திருக்கும்போது உள்ள கண், படுத்ததும் சில பாகை சுழலும். ஒரு பாகை தவறினால் சிலிண்டர் திருத்தத்தில் ஏறக்குறைய 3 சதவீதம் வீணாகும், 30 பாகை தவறினால் பலனே இல்லை. இந்தச் சுழற்சியை எப்படிச் சரிபார்ப்பீர்கள் என்று கேளுங்கள். உட்காரவைத்தே மை வைப்பார்கள், அல்லது இயந்திரமே கருவிழிக்குப் பின்னால் தெரியும் ஐரிஸ் என்கிற நிற வளையத்தின் கோலத்தைப் பார்த்து அச்சைப் பொருத்தும். எப்படியானாலும் பதில் உடனே வர வேண்டும்.

செய்துகொண்டவர்கள் கடைசியாகச் செய்யும் தவறு பைலைத் தொலைப்பது. இருபது முப்பது வருடம் கழித்துப் புரை வரும்போது, உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கருவிழி வளைவை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். லேசர் செய்த கருவிழியில் அந்தக் கணக்கு பிசகும், பழைய அளவுகள் இருந்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி. சிகிச்சைக்கு முந்தைய பவர், கருவிழி வரைபடம், எவ்வளவு செதுக்கினார்கள் என்ற விவரம் மூன்றையும் கேட்டு வாங்கிப் போட்டோ எடுத்து உங்கள் இமெயிலுக்கே அனுப்பி வையுங்கள். கிட்டப்பார்வை இருந்தவர்கள் வருடத்துக்கொரு முறை விழித்திரைச் சோதனையையும் விடக் கூடாது. லேசர் மாற்றியது கருவிழியை மட்டும்தான், பின்னால் நீண்டிருக்கும் கண் அப்படியேதான் இருக்கிறது.