பழைய ஹை-எண்ட் டிஸ்க் பிளேயர்: லென்ஸ் நம்பர் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

விலை லட்சத்தைத் தொடும் டிஸ்க் பிளேயரை இன்றைக்கு வாங்கலாமா? அலமாரியில் சில நூறு டிஸ்க் இருந்தால், அதிலும் எஸ்ஏசிடி (சாதா சிடியைவிட உயர்தரப் பதிவுள்ள சூப்பர் ஆடியோ சிடி) கணிசமாக இருந்தால், தாராளமாக வாங்கலாம். முப்பது நாற்பது சிடிதான் இருக்கிறது என்றால் அவற்றைக் கம்ப்யூட்டரில், தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக ஏற்றிவிடலாம். ஒரு சிடிக்கு 300 முதல் 400 எம்பி போதும், ஆயிரம் சிடி சேர்ந்தாலும் ஒரு டெராபைட் டிரைவ் நிறையாது. வாங்குவது என்று முடிவெடுத்த பிறகு நடக்கும் தவறுகள்தான் இங்கே. டிஸ்க்கைக் கீறாதே, பிளேயரை வெயிலில் வைக்காதே என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

லென்ஸ் நம்பர் கேட்காமல் வாங்குவது

புதிதாக வருபவர் விற்பவரிடம் கேட்கும் கேள்விகள் எப்போதும் ஒன்றுதான். டிஜிட்டலை ஒலி அலையாக மாற்றும் டிஏசி சிப் எது, பெயர்பெற்ற டிடிஏ1541ஏ-வா? டிரான்ஸ்பார்மர் ஒன்றா இரண்டா? எடை எத்தனை கிலோ? உள்ளே லேசரும் லென்ஸுமாக டிஸ்க்கைப் படிக்கும் பிக்அப் எந்த மாடல், அது இன்றைக்குக் கிடைக்கிறதா என்பதை மட்டும் கேட்கமாட்டார். கடைசியில் கழுத்தை அறுப்பது அந்தக் கேள்விதான்.

பிளேயரில் மற்றதெல்லாம் நின்று உழைக்கும். கபாசிட்டர் காய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், சாலிடர் விட்டிருந்தால் ஒட்டிக்கொள்ளலாம். நம் ஊர் மெக்கானிக்குகள் மொத்தமாக 'லென்ஸ்' என்று சொல்லும் பிக்அப் அப்படியில்லை. அதிலுள்ள லேசர் டையோடு ஓட ஓட ஒளி மங்கும். ஒரு நாள் அது தீரும். அன்றைக்கு அதே நம்பரில் வேறொன்று கிடைக்காவிட்டால், இருபது கிலோ அலுமினியப் பெட்டி வெறும் பேப்பர் வெயிட்தான்.

சோனியின் கேஎஸ்எஸ்-213 பிக்அப் மலிவான டூ-இன்-ஒன் செட்டிலும் இருந்தது, விலையுயர்ந்த பிளேயர்களிலும் இருந்தது. அதனால் இன்றும் கிடைக்கிறது. பிரச்சினை, கிடைப்பவற்றில் பல போலி. சில மாதம் பாடிவிட்டுத் தடுமாற ஆரம்பிக்கும். பிலிப்ஸ் பக்கம் நிலைமை இன்னும் மோசம். எண்பதுகளின் சிடிஎம்-1, சிடிஎம்-2, சிடிஎம்-4 போன்ற ஊசலாடும் கை வகை மெக்கானிசங்களும், பின்னாளில் ஹை-எண்ட் நிறுவனங்கள் விரும்பிப் போட்ட சிடி-புரோ2-வும் உற்பத்தியில் இல்லை. கழற்றி எடுத்த பழைய சரக்குதான் கிடைக்கும், அதில் எத்தனை மணி நேரம் மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது.

எஸ்ஏசிடி பிளேயரில் இன்னொரு சிக்கல். சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர், எஸ்ஏசிடி அடுக்கைப் படிப்பது 650. இரண்டில் ஒன்று மட்டும் சாகலாம். சிடி போட்டால் தேன் மாதிரி பாடும், எஸ்ஏசிடி போட்டால் 'நோ டிஸ்க்' என்று வரும். விற்பவர் எந்த டிஸ்க்கைப் போட்டுக் காட்டுவார் என்று சொல்லத் தேவையில்லை.

வழக்கமாக ஏமாறும் காட்சி இதுதான். விற்பவர் வீட்டில் பிளேயர் ஏற்கெனவே ஒரு மணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கும். புத்தம்புது டிஸ்க்கில் முதல் பாட்டு. அறையே சிலிர்க்கும். பணம் கைமாறும். ஒரு வாரம் கழித்து வீட்டில் அதே டிஸ்க்கின் பதினான்காவது பாட்டில் திக்கும். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது. ஓரத்துக்குப் போகப் போக டிஸ்க்கின் ஆட்டம் கூடும், லென்ஸ் நகரும் தண்டவாளத்தின் கடைக்கோடியில் கிரீஸ் காய்ந்திருக்கும். பலவீனம் அங்கேதான் முதலில் தெரியும்.

ஆகவே போகும்போது மூன்று டிஸ்க் எடுத்துப்போங்கள்: 74 நிமிடம் நிறைந்த சிடி ஒன்று, வீட்டில் எழுதிய சிடி-ஆர் ஒன்று, எஸ்ஏசிடி பிளேயர் என்றால் சிடி, எஸ்ஏசிடி இரண்டு அடுக்கும் உள்ள ஹைபிரிட் டிஸ்க் ஒன்று. பிளேயரை முந்தைய நாள் இரவே அணைத்துவைக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் பாட்டுப் பட்டியலைப் படிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று முறை சுற்றிச் சுற்றி முயன்றால் சந்தேகப்படுங்கள். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுக்குத் தாவுங்கள், பிறகு திரும்புங்கள். கடைசிப் பாட்டை முடியும்வரை கேளுங்கள். காதைப் பெட்டியில் வைத்தால் ஃபோகஸ் தேடும் 'சிக் சிக்' சத்தம் கேட்கிறதா? ஒரு மணி நேரம் சூடான பிறகு இதையே மறுபடி செய்யுங்கள். சிடி-ஆர் எதற்கு என்றால், அதன் பிரதிபலிப்பு குறைவு. மங்கிய லேசர் அங்கே முதலில் தோற்கும். அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ வேண்டாம், நல்ல நிலையிலுள்ள பல பழைய பிளேயர்களே அதைப் படிக்காது.

எரிச்சலூட்டும் வேலை இன்னொன்று உண்டு. மங்கிய லேசரின் பக்கத்திலிருக்கும் சின்னத் திருகைக் கொஞ்சம் திருப்பி, மின்னோட்டத்தைக் கூட்டி, 'சர்வீஸ் பண்ணியாச்சு' என்று விற்பது. சாகக் கிடக்கும் டையோடுக்கு அது கடைசி விருந்து. சில வாரம் பிரமாதமாகப் பாடிவிட்டு ஒரேயடியாக அணைந்துபோகும். பல சோனி பிக்அப்களில் ஒட்டிய சீட்டிலேயே சரியான மின்னோட்டம் இருக்கும்: கடைசி மூன்று இலக்கம் 485 என்றால் 48.5 மில்லிஆம்பியர். சர்வீஸ் மேனுவலில் சொன்ன இடத்தில் அளந்து, இதைவிட வெகுவாக ஏறியிருந்தால் அந்தப் பிளேயரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

புது பிக்அப் மாற்றுகிறீர்கள் என்றால், ஸ்டேட்டிக் மின்சாரத்திலிருந்து காக்க அதன் போர்டில் இரண்டு புள்ளிகளை சாலிடரால் இணைத்திருப்பார்கள். ரிப்பன் கேபிளை மாட்டிய பிறகுதான் அந்தச் சாலிடரை எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் விரல் பட்டே டையோடு போகலாம். எடுக்கவே மறந்தால் லேசர் எரியாது. நல்ல பிக்அப்பை 'டெட் பீஸ்' என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

எஸ்ஏசிடியை வெளி டிஏசிக்கு அனுப்பலாம் என்று நினைப்பது

முடியாது. எஸ்ஏசிடி அடுக்கு ஓடும்போது கோஆக்சியல், ஆப்டிகல் என்ற டிஜிட்டல் வெளியீடுகளில் அதன் முழுத் தரம் வராது. பெரும்பாலான பிளேயர்களில் சத்தமே வராது. உரிமக் கட்டுப்பாடு அப்படி. எச்டிஎம்ஐ வழியாக டிஎஸ்டி (எஸ்ஏசிடியின் டிஜிட்டல் வடிவம்) வெளியிடும் பிளேயரும், அதை ஏற்கும் ரிசீவரும் வேண்டும். அல்லது ஒரே நிறுவனத்தின் பிளேயரும் டிஏசியும் தமக்குள் வைத்திருக்கும் தனி இணைப்பு வேண்டும். எண்பதுகளின் இறுதியில் வந்த இளையராஜா சிடிகளைக் கேட்கத்தான் பிளேயர் என்றால் இந்தக் கவலையே இல்லை. அவை சாதா சிடி, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். அதற்கு எஸ்ஏசிடி பிளேயர் தண்டச் செலவு.

டிஏசி சிப்பின் பெயரைப் பார்த்து வாங்குவது

சிப் ஒன்றாக இருந்தாலும் அதைச் சுற்றியுள்ள பவர் சப்ளையும் அனலாக் பகுதியும் வேறு.

ஜப்பான் சரக்கை நேரே பிளக்கில் செருகுவது

ஜப்பானில் 100 வோல்ட், நம்மிடம் 230. செருகிய நொடியில் ஃபியூஸ் மட்டும் போனால் அதிர்ஷ்டம், பல நேரம் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து போகும். பின்புறத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். 40 வாட்டுக்குள் இழுக்கும் பிளேயருக்கு 100 விஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் போதும், ஆனால் வெளியீடு 100 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள். கடையில் சுலபமாகக் கிடைப்பது 110. பத்து சதவீதம் கூடுதல் என்பதால் ரெகுலேட்டர்கள் தேவையில்லாமல் சூடாகும்.

புளூரே பிளேயர் என்றால், எந்த நாட்டு டிஸ்க் ஓடும் என்று பூட்டுப் போடும் ரீஜன் கணக்கும் உண்டு. இந்தியாவும் இலங்கையும் 'சி'. ஜப்பான், அமெரிக்கா, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் 'ஏ'. 4கே டிஸ்க்குக்கு மட்டும் இந்தப் பூட்டு கிடையாது.

ஒப்போ மோகம்

ஒப்போ நிறுவனத்தின் 4கே புளூரே பிளேயரான யுடிபி-205 நல்ல பிளேயர், சந்தேகமில்லை. 2017-ல் 1,299 டாலருக்கு வந்தது. 2018 ஏப்ரலில் நிறுவனம் புதுத் தயாரிப்புகளை நிறுத்துவதாக அறிவித்ததும் பழைய பீஸுக்கு விலை எகிறியது. அதே பணத்துக்கு உதிரிபாகமும் உத்தரவாதமும் உள்ள புதுப் பிளேயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆனால் வசதிப் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். பானசோனிக் யுபி9000 படத்துக்கு அருமை, எஸ்ஏசிடி படிக்காது. சோனி எக்ஸ்800எம்2 எஸ்ஏசிடி படிக்கும், டால்பி விஷன் என்ற பட ஒளி-வண்ண வசதியைப் படத்துக்குப் படம் நாமே மெனுவில் போட்டு அணைக்க வேண்டும்.

பிரஷ் வைத்த லென்ஸ் கிளீனர் டிஸ்க்

வேண்டாம்.

டிஸ்க்கின் குற்றத்துக்குப் பிளேயரை மாற்றுவது

பிரிட்டனின் பிளாக்பர்னில் இருந்த பிடிஓ என்ற சிடி ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான டிஸ்க்குகளில் பல, ஓரத்திலிருந்து வெண்கல நிறமாக அரித்துப்போயின. அப்படிப்பட்ட டிஸ்க்கை எந்தப் பிளேயரும் காப்பாற்றாது. அச்சடித்த பக்கம் உங்களைப் பார்க்கும்படி விளக்குக்கு எதிரே பிடியுங்கள். ஊசித் துளைகள் தெரிந்தால் அந்த இடத்தில் பதிவே இல்லை.

பார்சலில் அனுப்பச் சொல்வது

பல பழைய பிளேயர்களின் அடியில் போக்குவரத்துத் திருகு இருக்கும். அனுப்புமுன் டிஸ்க்கை எடுத்துவிட்டுத் திருகை முடுக்கச் சொல்லுங்கள். வந்ததும் தளர்த்துங்கள். தளர்த்தாமல் ஆன் செய்து, 'படிக்கவில்லை' என்று சண்டை போடுபவர்கள் ஏராளம்.

டிரே திறக்காத பிளேயரை ஒதுக்குவது

இது தலைகீழ்த் தவறு. பாதி திறந்து நிற்கும் டிரே பெரும்பாலும் நீண்டுபோன ரப்பர் பெல்ட்தான். விற்பவருக்கு அது தெரியாததால் விலை பாதியாக இருக்கும். பழைய பெல்ட்டை நீட்டாமல் தரையில் வட்டமாக வைத்து விட்டத்தை அளந்து, அதைவிட ஐந்து சதவீதம் சிறியதாக, அதே தடிமனில் சதுரப் பெல்ட் வாங்குங்கள். பெல்ட் சுற்றும் புல்லியையும் அதன் பள்ளத்தையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். விரல் எண்ணெய் பட்டால் புது பெல்ட்டும் வழுக்கும்.